பூச்சாட்டுக்குப் பின் ஊரில் உறங்கியோர்

அன்னூருக்குக் கிழக்கே உள்ள சிற்றூர்களில் மக்கட்கூறு மாறிவருகின்றது என்னும் செய்தி, ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில்தான் அரசின் கவனத்திற்கு வந்தது. அன்று அவ்வழியே சென்ற உயர் அலுவலர் ஒருவர் சாலையோரக் கடையில் காரை நிறுத்தித் தேநீர் கேட்டார். கடையில் நின்ற இளைஞர், "கித்னா, சாப்?" என்று, எத்தனை வேண்டும் என இந்தியில் வினவினார். அலுவலர் திடுக்குற்றார். பதினைந்து ஆண்டுகளாக அப்பகுதியின் நூற்பாலைகளிலும் கோழிப்பண்ணைகளிலும் உழைத்துவந்த ஒடியரும் பீகாரியரும் அதுகாறும் அவர் கண்ணுக்குப் புலப்பட்டதில்லை. தேநீர் தாமதமான அக்கணத்தில் அனைவரும் ஒருங்கே புலப்பட்டனர். ஒன்பது வாரங்களில் ஊரக மக்கட்கூறு மதிப்பீட்டு ஆணையம் நிறுவப்பட்டது.

முனைவர் வெங்கடபதி அதன் தலைவரானார். ஒவ்வோர் ஊரிலும் பூர்வீகர் எத்தனை பேர், வருகையாளர் எத்தனை பேர் என்று எண்ணி உரைப்பதே ஆணையத்தின் பணி. எண்ணுவது எளிது. பூர்வீகர் என்பவர் யாவர் என்று வரையறுப்பதிலேயே முதல் மூன்று மாதங்கள் கழிந்தன.

தாய்மொழியை அளவுகோலாகக் கொள்ளலாம் என்றார் ஓர் உறுப்பினர். தலைவர் உடனே எழுந்தார்.

"என் இல்லத்தில் தெலுங்கு பேசுகிறோம். ஆனால் அது ஐந்நூறு ஆண்டுகளாகக் கோயம்புத்தூரில் பேசப்படும் தெலுங்கு. ஆந்திரத்திலிருந்து வருவோர்க்கு அது விளங்குவதில்லை, இங்குள்ளோர்க்கும் விளங்குவதில்லை. எவருக்கும் விளங்காத மொழி, தான் பேசப்படும் மண்ணுக்கே உரியதாகும்" என்றார்.

மொழி கைவிடப்பட்டது. அடுத்து உணவு ஆராயப்பட்டது. சோளக்களியும் கம்மஞ்சோறும் உண்போர் யாவர் எனக் கள ஆய்வு செய்ததில், அவர்கள் பெரும்பாலும் வார இறுதியில் சென்னையிலிருந்து சொகுசு விடுதிகளுக்கு வருவோர் எனத் தெரிந்தது. நிலப்பத்திரத்தைப் பார்க்கலாம் என்று ஒருவர் தொடங்கினார். உறுப்பினர் இருவர் அப்பகுதியில் அண்மையில்தான் மனை வாங்கியிருந்தமையின், அவர் தொடங்கியதை முடிக்கவில்லை.

அப்பொழுது புள்ளியியல் அலுவலர் மனோஜ்குமார் ஒரு வழி கூறினார். அவ்வூர்களில் மாரியம்மன் திருவிழாவிற்குப் பூச்சாட்டி, அதாவது அம்மனுக்குப் பூவிட்டு விழாவை அறிவித்து, கோயிலின் முன்னர் மூன்று கவையுள்ள கம்பத்தை நடுவார்கள். அன்றிலிருந்து கம்பத்தைப் பிடுங்கும் பதினைந்தாம் நாள்வரை உள்ளூரார் எவரும் ஊருக்கு வெளியே இராத்தங்கக் கூடாது. அது அம்மன் கட்டுப்பாடு. அயலூராரை அது பிணிப்பதில்லை.

"ஆகவே, அந்தப் பதினைஞ்சு நாளும் விடியறதுக்கு முந்தி போய், ஊருக்குள்ள யாரு தூங்கிட்டு இருக்காங்கன்னு எண்ணிட்டா போதுமுங்கய்யா. தூங்கறவரு பூர்வீகர். இல்லாதவரு வருகையாளர்."

தலைவர் கண் கலங்கினார். "விழித்திருப்பவனை வினவினால் பொய் உரைப்பான். உறங்குபவனுக்கு அந்த வசதி இல்லை" என்றார். மூன்று இரவுகளுக்கு மேல் ஊரில் இல்லாதவர் வருகையாளர் எனக் கொள்ளப்படுவர் என்று விதி இயற்றப்பட்டது. முதல் ஆய்வுக்களமாக வேலாங்காட்டுப்புதூர் தேர்வாயிற்று.

வேலாங்காட்டுப்புதூரார் அம்மனுக்கு அஞ்சுபவர்கள். கட்டுப்பாட்டை ஒருபோதும் மீறியதில்லை. எனினும் அதற்கு உரை காணும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டிருந்தார்கள். விழாக் கமிட்டித் தலைவர் கந்தப்பன் ஆறு ஆண்டுகளாகச் சரவணம்பட்டியில் குளிரூட்டிய அடுக்ககத்தில் வாழ்பவர். அவர் காலத்தில்தான் சட்டை முறை ஏற்பட்டது. ஊரைவிட்டுச் செல்பவர் தாம் உடுத்திய சட்டை ஒன்றைத் தம் வீட்டு ஆணியில் மாட்டிச்செல்ல வேண்டும். சட்டை இருந்தால் ஆள் இருப்பதாக அம்மன் ஏற்றுக்கொள்வாள். துவைத்த சட்டை செல்லாது.

ஆணையத்தின் ஊழியர்கள் பதினைந்து விடியல்களிலும் ஊரைச் சுற்றிவந்தனர். ஊர்க்காரரின் வீடுகளில் நூற்று முப்பத்தொரு சட்டைகளும் நாற்பத்தாறு சேலைகளும் தொங்கின. அவற்றின் கீழே முதுமையால் நடக்கவியலாத பதினொருவர் உறங்கினர். ஊரின் வடகோடியில் வரிசையாகக் கட்டப்பட்டிருந்த லைன் வீடுகளிலோ நூற்று எழுபத்திருவர் உறங்கினர். அவர்கள் நூற்பாலைத் தொழிலாளர்கள். பூச்சாட்டிய பின்னர் ஊரைத் தாண்டினால் அம்மை வார்க்கும் என்று அவர்களிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அவர்களும் அதனை நம்பியிருந்தார்கள். பதினைந்து நாளும் அவர்களுடைய பெண்களே குடத்தில் வேப்பிலை இட்டுக் கம்பத்திற்கு நீர் ஊற்றினார்கள்.

சட்டைகளை எண்ணிக்கையில் சேர்க்கலாமா என்று ஆணையம் இரண்டு அமர்வுகளில் விவாதித்தது. சட்டை உறங்கியதா விழித்திருந்ததா என்பதை உறுதிசெய்ய இயலாமையின் சேர்க்கப்படவில்லை. இறுதிப் பட்டியல் ஆனி மாதத்தில் ஒட்டப்பட்டது. வேலாங்காட்டுப்புதூரின் பூர்வீகர் நூற்று எண்பத்து மூவர். அவர்களுள் நூற்று எழுபத்திருவர் ஒடிசாவிலும் பீகாரிலும் பிறந்தவர்கள்.

மயில்சாமி அப்பட்டியலைப் படிக்கவில்லை. ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களைப் பழுதுபார்ப்பது அவருடைய தொழில். சுவரில் ஒட்டப்படுவன எல்லாம் தேர்தலைப் பற்றியன என்று கருதுபவர். ஊரிலேயே பிறந்து ஐம்பத்து நான்கு ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தவர். ஆயினும் இவ்வாண்டு பூச்சாட்டிய மறுநாள் அவர் மனைவி பழனியாத்தாளுக்குப் பித்தப்பையில் வலி கண்டது. கோயம்புத்தூரில் அறுவை சிகிச்சை முடிந்து திரும்பும்வரை ஒன்பது இரவுகள் மருத்துவமனைப் படிக்கட்டின் கீழே அவர் படுத்திருந்தார். மகள் நவ்யாவை அன்னூரில் அத்தை வீட்டில் விட்டிருந்தார். அவசரத்தில் எவரும் சட்டை மாட்டவில்லை.

நவ்யா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். கால்நடை மருத்துவப் படிப்பிற்கான கலந்தாய்வுப் பட்டியலில் அவள் பெயர் வந்திருந்தது. பிறப்பிடச் சான்றிதழை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். தவறினால் அவ்விடம் அடுத்தவர்க்குச் செல்லும். ஆணையம் ஆய்வு செய்யும் ஊர்களில் அச்சான்றிதழை ஆணையமே வழங்கும். ஆகவே புதன்கிழமை காலையில் மயில்சாமி, ஊராட்சிச் சமுதாயக் கூடத்தில் இருந்த ஆணையத்தின் முகாமிற்குச் சென்றார்.

"ஏனுங்க சார், என்ற பேரு மயில்சாமிங்க. புள்ளைக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு வேணுமுங்க."

மனோஜ்குமார் கையிலிருந்த கணினிப் பலகையைத் தடவினார். "மயில்சாமி… இருக்குங்க. வருகையாளர். வாங்க வாங்க, உக்காருங்க. எந்த ஊர்ல இருந்து வந்திருக்கீங்க?"

"இதா, அந்த வேப்பமரத்துக்குப் பின்னால இருந்துங்க."

"அது இப்பத் தங்கியிருக்கற எடமுங்க. நான் கேக்கறது சொந்த ஊரு."

"அதுதானுங்க சொந்த ஊரு. எங்கப்பன், எங்கப்பாரு எல்லாரும் இங்கதானுங்க."

"அவுங்க பூச்சாட்டுக்குப் பொறவு ஊர்ல தூங்கினாங்களா?"

"அவுங்க செத்துப்போயிட்டாங்க சார்."

"எங்கீங்க?"

"இங்கதானுங்க. நம்ம சுடுகாட்டுல."

மனோஜ்குமார் சற்றுச் சிந்தித்தார். "அப்போ பதினைஞ்சு நாளும் தொடர்ந்து ஊர்லதான் இருந்திருப்பாங்க. தகுதி இருக்குதுங்க. ஆனா அவுங்களைச் சேர்க்கறதுக்குப் படிவத்துல கட்டமில்லீங்க."

இது வேடிக்கை அன்று என்பது மயில்சாமிக்கு மெல்ல விளங்கலாயிற்று. "சார், நான் ஆசுபத்திரியில இருந்தனுங்க. சம்சாரத்துக்கு ஆப்பரேசனுங்க."

"நீங்க ஏன் போனீங்கன்னு ஆணையம் கேக்காதுங்க. போனீங்களா இல்லையாங்கறதுதான் கேள்வி. அப்பன் வருகையாளர்னா புள்ளையும் வருகையாளர். உங்களுக்கு வழி இருக்குது, பயப்படாதீங்க. விதி பதினாலு. பூர்வீகர் ஒருத்தரு நேர்ல வந்து, இவரு இந்த ஊர்க்காரர்தான்னு தலைவர் முன்னால சொல்லிட்டா, உங்களையும் சேர்த்துக்குவோம். வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு விசாரணை."

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணியோட கெடு முடியுதுங்களே!"

"ரெண்டு மணி நேரம் இருக்குதுங்களே" என்றார் மனோஜ்குமார்.

மயில்சாமி நேரே கந்தப்பனிடம் ஓடினார். கந்தப்பன் அன்று சரவணம்பட்டியிலிருந்து காரில் வந்து, பட்டியலின் முன்னர் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணா, நீங்க வந்து ஒரு வார்த்தை…"

"என்னத்தடா சொல்றது! பாத்தியா இத? என்ற அப்பாரு கட்டின கோயலு. என்ற ஊருலயே என்னைய ஒறம்பரைன்னு, விருந்தாளின்னு எழுதிப்போட்டானுங்க! சட்டை இருந்துச்சேய்யான்னா, 'சட்டைக்கு வேணும்னா தனியா விண்ணப்பிங்க'ங்கறான் அந்தப் பையன்."

"அப்ப பூர்வீகம் யாருங்ணா?"

கந்தப்பன் பட்டியலின் முதல் வரியில் விரலை வைத்தார். பதினைந்துக்குப் பதினைந்து இரவுகள் உறங்கி முதலிடம் பெற்றவர் பெயர் அங்கே தடித்த எழுத்தில் இருந்தது. தீனபந்து நாயக், லைன் வீடு எண் நான்கு. அந்த லைன் வீடு மயில்சாமிக்குச் சொந்தமானது.

நடக்கவியலாத பதினொருவரையும் அன்று மாலையே மயில்சாமி பார்த்துவந்தார். அறுவர்க்கு அவரை அடையாளம் தெரியவில்லை. நால்வரைக் கட்டிலிலிருந்து எழுப்ப இயலாது. எஞ்சிய ஒருவர், மயில்சாமியின் தந்தை தம் வாய்க்காலை மறித்ததை நினைவுகூர்ந்து, "அவுங்க எல்லாம் அக்கட்டால, வெளியூர்ல இருந்து வந்தவீங்க" என்றார்.

"தீனாவையே போய்க் கேளுங்" என்றாள் பழனியாத்தாள். "மூஞ்சிய எங்க வெச்சுட்டுக் கேப்பீங்கங்கறதுதான் எனக்குத் தெரியல."

"என்ன மூஞ்சி?"

"பதினோரு வருசமா அந்த மனுசன் ஒரு காயிதம் கேட்டுட்டு இருக்காரு. வாடகை ஒப்பந்தக் காயிதம். ஆதார்ல அட்ரசு மாத்தோணும், கேஸ் வாங்கோணுமுன்னு. இன்னைக்கு வா, நாளைக்கு வான்னு நீங்களும் ஓட்டிப்போட்டீங்க."

"காயிதம் குடுத்தா நாளைக்கு ஊடே எனக்குச் சொந்தம்பான். ஊர்ல ஒருத்தனும் குடுக்கறதில்லையே, நான் மட்டும் குடுக்கோணுமா?"

நவ்யா கைபேசியிலிருந்து தலை நிமிர்ந்தாள். "அப்பா, இன்னும் நாப்பத்தேழு மணி நேரம்" என்றாள்.

வியாழக்கிழமை, ஆலையின் முதல் பணிமுறை முடிந்து தீனபந்து வந்திருப்பார் என்று கணித்து, மயில்சாமி லைன் வீட்டிற்குச் சென்றார். ஊரில் சிறு குழந்தைகளையும் பன்மையில் அழைப்பவர் அவர். லைன் வீட்டு வாசலுக்கு வந்தால் மட்டும் அவர் பேச்சில் மரியாதை குறைந்துவிடும். அதனை அவர் உணர்ந்ததில்லை.

"டே தீனா! நாளைக்கு மூணு மணிக்கு என்ற கூட சமுதாயக் கூடத்துக்கு வரோணும்."

தலையில் பஞ்சுத்துகள் ஒட்டியிருந்த தீனபந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "எதுக்குங்ணா?"

"நான் இந்த ஊர்க்காரன்னு நீ சொல்லோணும்."

தீனபந்து அவரை உற்று நோக்கினார். பின்னர்ச் சிரிக்கத் தொடங்கினார். உள்ளிருந்து அவர் மனைவி ஒடியாவில் ஏதோ கேட்டார். மயில்சாமி கேட்டதைத் தீனபந்து அவருக்கு ஒடியாவில் சொன்னார். உள்ளேயும் சிரிப்பொலி எழுந்தது.

"சிரிக்காதடா. புள்ள படிப்பு விசயம்."

சிரிப்பு நின்றது. "நவ்யாவுக்குங்களா? மாட்டு டாக்டரு படிப்பா? அட கெரகமே, அத மொதல்ல சொல்லக் கூடாதுங்களா?" என்றவர் சற்றே தயங்கினார். "சொல்றதுல ஒண்ணுமில்லீங்ணா. ஆனா அங்க போனா, நீ எங்க குடியிருக்கே, காயிதம் காட்டும்பாங்க. போன வருசம் எங்க மில்லுல ஒருத்தனை அட்ரசு காயிதம் இல்லைன்னு மூணு நாளு உள்ள உக்கார வெச்சுட்டாங்க. பூர்வீகம்னு பேரு எழுதினதுல இருந்தே எனக்குத் தூக்கம் வரலீங்க. எதுக்கு எழுதினாங்க, எங்க கூட்டிட்டுப் போவாங்க, ஒண்ணும் தெரியல."

"என்ற ஊட்டுலதான் குடியிருக்கான்னு நான் சொல்றேன்."

"நீங்க வருகையாளருங்களே. நீங்க சொன்னா எடுபடுமுங்களா?"

மயில்சாமியின் முகம் சிவந்தது. தீனபந்து குரலைத் தாழ்த்தினார். "கோவிச்சுக்காதீங்ணா. காயிதம் எழுதிட்டு வாங்க. நான் லீவு போட்டுப்போட்டு வாரேன்."

வெள்ளிக்கிழமை காலையில் மயில்சாமி அன்னூருக்குச் சென்று முத்திரைத்தாளில் ஒப்பந்தத்தை எழுதிவாங்கினார். கையெழுத்திடவில்லை. இடாமலே காரியம் முடியக்கூடும் என்ற நம்பிக்கையில் அதனை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்குச் சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் போடப்பட்ட நாற்காலிகளில் "பூர்வீகர்க்கு மட்டும்" என்று எழுதி ஒட்டியிருந்தது. அவற்றில் ஆலைத் தொழிலாளர்கள் கைகளைத் தொடைகளுக்கிடையே இடுக்கிக்கொண்டு, தப்பியோட வழியுண்டா என்று நோக்கியவாறு அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தேநீரும் பிஸ்கட்டும் வழங்கப்பட்டன. கூடத்தின் பின்புறத்தில் கயிறு கட்டி, அதற்கு அப்பால் வருகையாளர்களை நிறுத்தியிருந்தார்கள். அங்கே கந்தப்பன் நின்றார், பழனியாத்தாளும் நவ்யாவும் நின்றார்கள், ஊரே நின்றது.

தலைவர் வெங்கடபதி மூன்று மணி இருபது நிமிடத்திற்கு எழுந்தார்.

"காடு திருத்திக் கழனியாக்கிய பெருமக்களே!" என்று முன்வரிசையை நோக்கி விளித்தார். முன்வரிசையினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். "உங்கள் முன்னோரின் வியர்வை இம்மண்ணில் கலந்துள்ளது. இன்று இவ்வூரின் மக்கட்கூறு மாறிவருவதாக நீங்கள் கவலையுறுவதை ஆணையம் அறியும். கயிற்றுக்கு அப்பால் நிற்போரைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டுவதில்லை. அவர்கள் திருவிழாவிற்கும் வாக்களிப்பதற்கும் வந்து செல்பவர்கள். பெரும்பாலோர்க்குச் சரவணம்பட்டியில் சொந்த வீடு உண்டு எனத் தரவுகள் கூறுகின்றன. சில நாளில் தாமாகவே சென்றுவிடுவர்."

"அது என்ற அப்பாரு வெச்ச கோயலுங்க!" என்று பின்னாலிருந்து கத்தினார் கந்தப்பன்.

"அமைதி. வந்த இடத்தில் அடக்கமாக இருப்பதே வருகையாளர்க்கு அழகு" என்று கூறிவிட்டுத் தலைவர் தொடர்ந்தார். பண்பாடு என்பது யாது என்றார். கலப்பு என்பது யாது என்றார். ஆணையத்திற்கு இரண்டாவது வாகனம் ஏன் தேவைப்படுகிறது என்பதை விரிவாக விளக்கினார். நவ்யா கயிற்றைப் பற்றியவாறு சுவர்க்கடிகாரத்தையே நோக்கிக்கொண்டிருந்தாள். பேச்சு முடிந்தபொழுது நான்கு மணி பன்னிரண்டு நிமிடம்.

மயில்சாமியின் பெயர் அழைக்கப்பட்டது. தீனபந்து எழுந்து தலைவர்முன் நின்றார்.

"பூர்வீகர் அவர்களே! இவர் இவ்வூரினர் என்பதை எதனால் அறிவீர்?"

"நான் வந்த அன்னைக்குங்க, பெட்டியோட பஸ்ஸுல இருந்து எறங்கி நின்னுட்டு இருந்தனுங்க. ஊர்ல யாரும் ஒண்ணும் கேக்கல. இவருதான் வண்டிய நிறுத்திப்போட்டு, 'எவன்டா நீ, எந்த ஊரு, இங்க என்னடா வேலை'ன்னு கேட்டாருங்க. வெளியூர்க்காரரு அப்படிக் கேக்க மாட்டாருங்க. வெளியூர்க்காரருக்கு பயம் இருக்கும்."

மயில்சாமி தரையை நோக்கினார். அப்படி ஒரு நாள் இருந்ததே அவர் நினைவில் இல்லை.

"அவ்வளவுதானா?"

"பொறவும் பதினோரு வருசமா அதையேதான் கேக்கறாருங்க. வேற வேற மாதிரி."

தலைவர் உவகை பொங்க எழுந்துவிட்டார். "குறித்துக்கொள்ளுங்கள், மனோஜ்குமார்! கேட்பவர் பூர்வீகர், கேட்கப்படுபவர் வருகையாளர். உறக்கத்தைவிட நுட்பமான அளவுகோல்!"

"ஐயா, அப்படிப் பாத்தா, நாமதானுங்க ஊரு ஊரா போயி எல்லாரையும் கேட்டுட்டு இருக்கறோம்."

"அப்படியாயின், நாம் எல்லா ஊர்களுக்கும் பூர்வீகர்" என்றார் தலைவர். "சான்று ஏற்கப்பட்டது. பூர்வீகர் தம் முகவரிச் சான்றைக் காட்டிவிட்டு ஒப்பமிடலாம்."

மணி நான்கு இருபத்தெட்டு. தீனபந்து திரும்பி மயில்சாமியைப் பார்த்தார். மயில்சாமி மெல்லச் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து மேசைமீது விரித்தார்.

மனோஜ்குமார் அதனைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். "இது செல்லாதுங்களே. ஊட்டுக்காரரா வருகையாளர் கையெழுத்துப் போட்டா சிஸ்டம் ஏத்துக்காது. இவரு பூர்வீகர் ஆனாத்தான் அவருக்கு ஒப்பந்தம் எழுத முடியும். அவருக்கு ஒப்பந்தம் இருந்தாத்தான் இவரைப் பூர்வீகர் ஆக்க முடியும். அடுத்த மாசம் தனி அமர்வு வெச்சு…"

"சார்!" என்றாள் நவ்யா. அவள் குரல் உடைந்திருந்தது. "அரை மணி நேரந்தானுங்க இருக்குது!"

தலைவர் கண்களை மூடிக்கொண்டார். உறங்கிவிட்டார் என்றே பலர் எண்ணினர். நான்கு மணி முப்பத்து மூன்றுக்குக் கண் திறந்தார். "இருவரும் ஒரே கணத்தில் ஒப்பமிட வேண்டும். அக்கணத்தில் இருவரும் ஒருவரால் ஒருவர் பூர்வீகராவர். ஓர் இமைப்பொழுது முந்தினாலும் பிந்தினாலும் இரண்டு தாள்களும் செல்லா. எண்ணுங்கள், மனோஜ்குமார்."

இரண்டு பேனாக்கள் கொண்டுவரப்பட்டன. சான்றுரைத் தாளின்முன் தீனபந்துவும், ஒப்பந்தத்தின்முன் மயில்சாமியும் குனிந்தனர்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு!"

எந்தப் பேனாவும் அசையவில்லை. மயில்சாமி தீனபந்துவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீனபந்து மயில்சாமியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ போடு" என்றார் மயில்சாமி.

"நீங்க போடுங்ணா. ஒண்ணாத்தானே போடோணும்."

"ஒண்ணு, ரெண்டு, மூணு!"

தீனபந்துவின் பேனா தாளைத் தொடப்போயிற்று. மயில்சாமியுடையது காற்றிலேயே நிற்பதைக் கண்டு அவரும் நிறுத்தினார். நான்கு முப்பத்தொன்பது.

"போடாத மயிலு!" என்று கயிற்றுக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தார் கந்தப்பன். "காயிதத்துல பேரு ஏறுச்சுன்னா ஊடு போச்சு! அப்பறம் ஊரே போச்சு!"

பழனியாத்தாள் திரும்பினாள். "ஏனுங் மாமா, சரவணம்பட்டில ஏசிய போட்டுட்டுப் படுத்துக்கிட்டு இங்க ஊருக்குக் காவலுங்களா? பதினைஞ்சு நாளு நீங்க ஒரு அழுக்குச் சட்டைய வெச்சுட்டுப் போனீங்க. கம்பத்துக்குத் தண்ணி ஊத்துனது அவரு சம்சாரமுங்க."

முன்வரிசையினர்க்கு முழுதும் விளங்கவில்லை. எனினும் அவர்கள்தாம் முதலில் சிரித்தார்கள். கயிற்றுக்கு அப்பாலும் சிலர் சிரித்தனர்.

"அப்பா" என்றாள் நவ்யா. "அவரு அந்த ஊட்ட முதுகுல தூக்கிட்டா போயிருவாரு?"

மயில்சாமிக்குக் கை வியர்த்திருந்தது. பேனாவை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "ஏப்பா தீனா" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். "இந்தக் காயிதத்த வெச்சு என்னதான் பண்ணுவே?"

"அட்ரசு மாத்துவனுங்ணா. கேஸ் வாங்குவேன். அப்பறம் யாராச்சும் எந்த ஊருன்னு கேட்டா, காட்டுவேன்."

"ஒண்ணு" என்றார் மனோஜ்குமார். "ரெண்டு. மூணு."

இரண்டு பேனாக்களும் ஒருங்கே தாளில் உராய்ந்த ஓசை கூடமெங்கும் கேட்டது. தீனபந்துவின் பெயர் நீளமானது ஆகையால் சற்றுக் கூடுதல் நேரம் எடுத்தது. தொடங்கிய கணமே கணக்கு என்று தலைவர் தீர்ப்பளித்தார். மணி நான்கு நாற்பத்து நான்கு.

சான்றிதழில் குத்த வேண்டிய முத்திரை தலைவரின் வாகனத்தில் இருந்தது. வாகனத்தின் சாவி ஓட்டுநரிடம் இருந்தது. ஓட்டுநர் சாலையோரக் கடையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். நவ்யா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். முத்திரை குத்தப்பட்ட சான்றிதழைக் கைபேசியால் படமெடுத்து அவள் ஏற்றியபொழுது நான்கு ஐம்பத்தெட்டு. திரையில் ஒரு வட்டம் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது, பின்னர்ப் பச்சையாயிற்று. அவள் சமுதாயக் கூடத்தின் படியிலேயே அமர்ந்து முழங்காலில் முகம் புதைத்தாள்.

உள்ளே தலைவர் நிறைவுரை ஆற்றினார்.

"இன்று காலை இவ்வூரில் பூர்வீகர் நூற்று எண்பத்து மூவர். இப்பொழுது மகளையும் சேர்த்து நூற்று எண்பத்தைவர். வெளியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை இம்மண்ணின் மக்கள் மனமுவந்து தம்முள் ஒருவராக ஏற்றுக்கொண்ட காட்சியை இன்று கண்டோம். இப்பெருந்தன்மைக்காக ஆணையம் உங்களைப் பாராட்டுகிறது." முன்வரிசையை நோக்கி அவர் கைகூப்பினார். முன்வரிசையினரும் எழுந்து கைகூப்பினர். பழனியாத்தாளின் பெயர் எந்தத் தாளிலும் இல்லாமையின் அவள் வருகையாளராகவே தொடர்வாள் என்றும், அதற்கு அடுத்த மாதம் விண்ணப்பிக்கலாம் என்றும் மனோஜ்குமார் தெரிவித்தார்.

வாகனம் சென்ற பின்னர்க் கூடத்தின் வாசலில் மயில்சாமியும் தீனபந்துவும் எஞ்சினர். தீனபந்து ஒப்பந்தத்தை விரித்து, தம் பெயரையும் கதவு எண்ணையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பின்னர் அதனை மடித்து, ஆதார் அட்டையோடு ஞெகிழிப்பையில் இட்டு, இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ரொம்ப உபகாரம்" என்றார் மயில்சாமி.

"அது கெடக்குதுங்ணா" என்றார் தீனபந்து. "லைன் ஊட்டு மோட்டாரு வைகாசில இருந்து ஓடலீங்க. ஊரு மோட்டாரெல்லாம் ஓட்டி வெக்கறீங்க. எங்க பொம்பளைங்க மட்டும் ஒரு மைலு நடந்து தண்ணி சொமக்கறாங்க. நாளைக்கு வந்து பாருங்க."

மயில்சாமி தலையசைத்தார். "காத்தால ஏழு மணிக்கு வாரேன்."

"ஏழுன்னா எனக்கு ஷிப்டு தொடங்கிருமுங்க. ஆறுக்கே வந்துருங்க" என்று சொல்லிவிட்டு, தீனபந்து வடகோடியை நோக்கி நடந்தார்.